முன் பெஞ்சு

"நமக்குப் படிக்கவா தெரியும், உள்ள போக?" என்றாள் ஒரு மீன்காரி.

"தெரியாதுல்ல. அதனாலதான் முன் பெஞ்சு நமக்கு," என்றாள் சூசையம்மாள்.

வாசகசாலையின் ஜன்னலுக்கு வெளியே கூடையை இறக்கியபடி இருவரும் பேசிக்கொண்டது உள்ளே இருந்த அருளப்பன் காதில் விழுந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

அருளப்பன் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடற்கரை ஊரின் வாசகசாலையைப் பல வருஷங்களாக நடத்திவந்த பிரகாசியம்மாளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். அவள் அவரைவிட இளையவள். மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாள். அடுத்த பொறுப்பாளர் யார் என்பதை ஊர் அவளிடமே விட்டிருந்தது. அது தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அருளப்பன் மனதார ஆசைப்பட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மீன் ஏலம் முடிந்ததும் எழுத்துத் தெரியாதவர்கள் வந்து முன் பெஞ்சில் உட்காருவார்கள். யாராவது ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். நடுநடுவே கேள்வி, கேலி, சில நாள் சண்டையும். பின்னால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஓரிருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் வாசகசாலை காலியாகிவிடும் என்று அருளப்பனுக்குக் கவலை.

அன்று அவரே ஒரு பலகை எழுதி முன் பெஞ்சுக்கு நேரே மாட்டினார். பெஞ்சு முழுவதும் அதை அண்ணாந்து பார்த்தது.

"என்ன எழுதிருக்கு சார்? வாசிங்களேன்," என்றாள் சூசையம்மாள்.

அவர் மெல்ல வாசித்தார்.

"ஓரத்துல இருக்கவங்களுக்குக் கேக்கல. சத்தமா வாசிங்க."

"சத்தமாக வாசிக்கக் கூடாது," என்று அருளப்பன் சத்தமாக வாசித்தார்.

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பிரகாசியம்மாள் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோபிக்கவில்லை. வாசகசாலை எப்படி வந்தது என்று மட்டும் சொன்னாள். முன்னொரு காலத்தில் புயல் எச்சரிக்கை பேப்பரில் வந்திருந்தது. அந்தப் பேப்பர் டீக்கடையில்தான் கிடந்தது. வாசிக்கத் தெரிந்தவர் எவரும் அன்று அந்தப் பக்கம் வரவில்லை. அதில் வடை மடித்து வாங்கிக்கொண்டு மீனவர்கள் கடலுக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் சேர்ந்து, தினமும் பேப்பர் வாசித்துச் சொல்ல ஓர் ஆளை அமர்த்தினார்கள்.

"கட்டடம்?" என்றார் அருளப்பன்.

"பிறகு வந்தது."

"புத்தகங்கள்?"

"அதுக்கும் பிறகு."

அருளப்பன் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க பாவமில்லையா?"

"பாவந்தான். ஆனா அவங்க யாருன்னு நினைச்சீங்க அண்ணே? அந்தப் பெஞ்சுல உக்காந்து கேட்டவங்களோட பேரப்பிள்ளைங்க."

மறுநாள் காலை அருளப்பன் பொறுப்பாளர் அறையில் இருந்த மேசையையும் நாற்காலியையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டார். கதவுள்ள அந்த ஒரே அறையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு நடந்தார். கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த சூசையம்மாளின் எதிரே நின்று, அதை விரித்து, முதல் செய்தியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.