வேணி ஏன் சாப்பிடலை?

ஒரு ஊர்ல ஒரு எண்ணெய்ச் செக்கு இருந்துச்சாம். செக்கு இருக்கற இடத்துல எள்ளு மூட்டை இருக்கும், கடலை மூட்டை இருக்கும். மூட்டை இருக்கற இடத்துல யாரு இருப்பா? எலிதான். கீச் கீச்சுன்னு ராவும் பகலும் எலி. அதனால அந்தச் செக்குக்காரரு ஒரு பாம்பு வளத்தாரு.

ஆமா கண்ணு, பாம்புதான். கால உள்ள இழுத்துக்காதே, அது சாரைப்பாம்பு, விஷம் கிடையாது. இப்போ அப்படியெல்லாம் யாரும் வளக்கக் கூடாது, அது அந்தக் காலம். ம் கொட்டிக்கிட்டே கேளு.

அவரு பேரு மாசிலாமணி. ஒரு நாள் எள்ளு மூட்டையப் பிரிச்சாரு, உள்ள ஒரு குட்டிப் பாம்பு சுருண்டு கிடந்துச்சு. விரல் தடிமன்கூட இல்ல. அதை அங்கயே விட்டாரு. அதுவும் எலியப் புடிச்சுத் தின்னு தின்னு வளந்து, பொண்ணுங்க பின்னல் மாதிரி நீளமாப் பளபளன்னு ஆச்சு. அதான் வேணின்னு பேரு வெச்சாரு. காலையில மூட்டை ரூம்புக்குள்ள போவாரு, வேணி சரசரன்னு வந்து அவரு தோள்ல ஏறிக்கும். வயித்துல எலி முட்டிக்கிட்டு இருந்தா, "சாப்டியா தாயி"ன்னு தடவிக் கொடுப்பாரு. அவரு சம்சாரம் அங்கம்மா, ஒரு நாளாவது என்னைய அப்படிக் கேட்டிருப்பாரா இந்த மனுசன்னு சொல்லிச் சிரிக்கும்.

அப்புறம் ஒரு நாள் வேணி சாப்பாட்ட நிறுத்திருச்சு.

மொத நாள் மாசிலாமணி கண்டுக்கல. நாலு நாளாச்சு, வயிறு ஒட்டிக் கிடக்கு. எட்டு நாளாச்சு, எலியெல்லாம் வேணி மேலயே ஏறிக் குதிச்சு ஓடுது, அது திரும்பிக்கூடப் பாக்கல. தோல் மங்கிப் போச்சு. கண்ணு ரெண்டும் பால் ஊத்தினாப்புல வெளுத்துப் போச்சு. மாசிலாமணி எடுத்துத் தடவுவாரு, வாயத் திறந்து பாப்பாரு, கீழ விடுவாரு, மறுபடி எடுப்பாரு. அப்போ அவருக்கும் சோறு இறங்கல. தட்டுல கைய வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. ரெண்டு பேரும் பட்டினி கிடந்தா நான் யாருக்குடா சாமி ஆக்கறதுன்னு அங்கம்மா கரண்டியக் கீழ வெச்சிருச்சு.

ம் கொட்டறியா? சரி.

அப்போ பக்கத்து வீட்டு அத்தை வந்து சொல்லிச்சு. ஆடி மாசம் புத்துக்குப் பால் ஊத்தறோமில்ல, இதுக்கும் பாலும் முட்டையும் வைங்க, நாக்கு நனைஞ்சா பசி வந்துரும்னு. சரின்னு மாசிலாமணி ஒரு கிண்ணம் காய்ச்சாத பாலு, ஒரு முட்டை வெச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. அத்தையும் பாத்துச்சு. வேணி நாக்க ஸ்ஸ்னு ஒரு தடவை நீட்டிச்சு. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பாலை யாரு குடிச்சா தெரியுமா? அத்தை வீட்டுப் பூனை. சளப் சளப்னு கிண்ணம் காலி. பாம்புக்குப் பாலு ஆகாரமில்ல கண்ணு. நாம பக்தியில ஊத்தறோம், சாமி அந்தப் பக்தியத்தான் எடுத்துக்கும்.

அப்புறம் பூக்காரம்மா வந்து பாத்துச்சு. கண்ணு வெளுத்துக் கிடக்கறதப் பாத்துட்டு, இது திருஷ்டி, அழகான பாம்பு, ஊரே கண்ணு வெச்சிருச்சுன்னு சொல்லிச்சு. உடனே கல்லுப்பு, வரமிளகா, தெருமண்ணு எல்லாம் எடுத்து வேணிய மூணு சுத்துச் சுத்தி அடுப்புல போட்டாங்க. படபட, படபட. வீடு பூராப் புகை. அங்கம்மா லொக்கு, பூக்காரம்மா லொக்கு லொக்கு, செக்கு மாடுகூட ஃபுர்ருன்னு மூச்ச விட்டுச்சு. வேணி கடலை மூட்டைக்குப் பின்னால போய்ச் சுவத்தோட சுவரா ஒட்டிக்கிச்சு.

அப்புறம் சந்தைக்கு எண்ணெய் கொண்டு போற வண்டிக்காரரு சொன்னாரு. தினமும் எலியே தின்னா யாருக்குத்தான் சலிக்காது, விருந்து வைங்கன்னு. அவ்வளவுதான். மாசிலாமணி தலைவாழை இலை போட்டாரு. ஒரு தவளை, ரெண்டு காடை முட்டை, குளத்து மீனு, ஒரு எலி, எல்லாம் வரிசையா வெச்சாரு. பாம்புக்கு இலை போட்ட அதிசயத்தப் பாக்கத் தெருவே வந்திருச்சு. வாசப்படியில நாலு பேரு, ஜன்னல்ல ஆறு பேரு, மூட்டை மேல ஏறி ரெண்டு பேரு. சாப்பிடு வேணி, சாப்பிடு வேணின்னு எல்லாரும் சொல்றாங்க. மாசிலாமணி எலி வாலப் புடிச்சு அது வாய்கிட்ட ஆட்டினாரு.

அப்போ, டப்!

கொத்திருச்சு. அவரு கையிலயே கொத்திருச்சு.

ம். தூங்கிட்டியா? இல்லையா. சரி.

விஷமில்ல, ரெண்டு சொட்டு ரத்தம்தான். அங்கம்மா மஞ்சள் வெச்சுக் கட்டிச்சு. ஆனா கையி வலிச்சதவிட அவருக்கு வேற எங்கயோ வலிச்சுது. இத்தனை வருசத்துல ஒரு நாள் அது அவரு மேல சீறினதில்ல. ஜனமெல்லாம் போனப்புறம் அங்கம்மா மெதுவாச் சொல்லிச்சு, இது நம்ம கைய மீறிப் போச்சு, இங்கயே கிடந்து சாகறதப் பாக்க வேண்டாம், நாளைக்குக் காலையில கூடையில வெச்சு மலையடிவாரத்துல விட்டுருவோம்னு. அது சொன்னது தப்புன்னும் இல்ல. ஆனா மாசிலாமணிக்குத் தெரியும், கண்ணு தெரியாத பாம்ப வெட்டவெளியில விட்டா அரை நாள் தாங்காது, பருந்து தூக்கிரும். தெரிஞ்சும் அவரு கூடையத் தேடி எடுத்தாரு. வேற என்ன செய்யறதுன்னு தோணல.

அந்த வீட்டுல ஒரு புது மருமக இருந்துச்சு, செவந்தின்னு பேரு. மகனுக்குக் கல்யாணமாகிப் பத்து நாளுதான் ஆச்சு. வந்ததுல இருந்து வாய் திறந்து பேசினதில்ல, கேட்டதுக்கு ம், உம்னு உன்னையாட்டம். அது கூடையப் பாத்துச்சு, மாமனாரப் பாத்துச்சு.

"மாமா, வேணிக்கு நோவு ஒண்ணுமில்ல"ன்னுச்சு.

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க.

"எங்க அப்பாவோட வெத்தலைக் கொடிக்கால்ல நான் நெறையப் பாத்திருக்கேன். கண்ணு இப்படிப் பால் பூத்தா, சட்டை உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எது கிட்ட வந்தாலும் பயம். பயத்துல யாரு சாப்பிடுவா?"

ஏம்மா இத மொதல்லயே சொல்லலன்னு அங்கம்மா கேட்டுச்சு.

"யாரும் கேக்கலையே அத்தை"ன்னு தலையக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "நான் வந்த அன்னைக்கும் இலை போட்டு, இருபது பேரு சுத்தி நின்னு சாப்பிடும்மா, சாப்பிடும்மான்னு என் வாயவே பாத்தீங்க. எனக்கு அன்னைக்கு ஒரு வாய் இறங்கல. இன்னைக்கு வரைக்கும் சரியா இறங்கல. பசிக்குது அத்தை"ன்னுச்சு.

அங்கம்மா எழுந்து போய் ஒரு தட்டு நெறையச் சோறு போட்டுச்சு, பருப்பு ஊத்திச்சு, நல்லெண்ணெய் ஊத்திச்சு, அடுப்படியில வெச்சுச்சு. செவந்திய உள்ள அனுப்பிட்டு, "வாங்க, நமக்கு வெளிய வேலை இருக்கு"ன்னு புருசன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருச்சு. என்ன வேலை? மாட்டுத் தொட்டிகிட்ட சும்மா நின்னாங்க ரெண்டு பேரும்.

அப்புறம் செவந்தி வயிறாரச் சாப்பிட்டு வந்து சொன்ன மாதிரியே செஞ்சாங்க. ஒரு மண்பானையப் படுக்க வெச்சு, உள்ள ஈரச் சாக்கு. வெளிய ஒரு சட்டியில தண்ணி. உரசிக்கறதுக்கு ஒரு சொரசொரப்பான கல்லு. கதவச் சாத்தியாச்சு. மூணு நாள் யாரும் பாக்கக் கூடாது, தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. முக்கியமா மாமா பாக்கக் கூடாது.

எத்தனையோ கஷ்டமான வேலை செஞ்சவரு அவரு. ஆனா பாக்காம இருக்கற வேலை இருக்கே, அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாப் போச்சு. மொத நாள் கதவு முன்னால அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாரு. செத்துக் கிடக்குமோ, தண்ணி கவுந்து போச்சோன்னு மனசு அடிச்சுக்குது. ரெண்டாம் நாள் கதவுல காத வெச்சாரு. ஒரு சத்தமில்ல. மூணாம் நாள் கை தாழ்ப்பாளுக்கே போயிருச்சு. தொட்டுட்டாரு. தொட்டவரு அப்படியே நின்னு, சாமிய நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டாரு.

"ஆத்தா, நான் பாக்கல. எனக்குப் பதிலா நீ பாத்துக்கோ"ன்னாரு.

கைய எடுத்துட்டு மாட்டுகிட்ட போயிட்டாரு.

அந்தச் சாயங்காலம் உள்ள சர்ர்ர், சர்ர்ர்னு உரசற சத்தம். அப்புறம் அமைதி. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, டுபுக்! கீச்! அப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

காலையில செவந்திதான் போங்க மாமான்னுச்சு. மெதுவாக் கதவத் திறந்தாரு. கல்லுகிட்ட சட்டை கிடக்கு, தலையில இருந்து வால் வரைக்கும் கிழியாம, மெல்லிசு வேட்டி காயப்போட்டாப்புல. மூட்டை மேல வேணி. புதுசா எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு. கண்ணு ரெண்டும் கறுப்பு எள்ளு. வயித்துல, நடுவுல, நல்ல பெரிய எலி ஒண்ணு முட்டிக்கிட்டு இருந்துச்சு.

தொடணும்னு கை நீண்டுச்சு. ஆனா தொடல. தின்னது செரிக்கட்டும்னு கதவச் சத்தமில்லாமச் சாத்திட்டு வந்தாரு. சாப்டுச்சான்னு அங்கம்மா கேட்டுச்சு. தலைய ஆட்டினாரு. அப்புறம் தட்டுக்கு முன்னால உக்காந்து, "எனக்கும் பசிக்குது அங்கம்மா. நீ சாப்டியா?"ன்னு கேட்டாரு.

அவ்வளவுதான் கண்ணு, கதை இங்க படுத்திருச்சு. நானும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன். உன்னையே பாத்துக்கிட்டு இருந்தா நீ தூங்க மாட்டே. சாமி பாத்துக்கும், தூங்கு.