கானல்பட்டிப் பாறையில் ஒரு சாவு

சும்மா சொல்லக் கூடாது, கானல்பட்டிக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறும் அதுதான். ஊரோ மழை எட்டிப் பார்க்காத மணல்காடு. நடுவில் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு செம்பாறை மேடு.

அந்த மேட்டைக் கொத்திப் பார்க்க எஸ்தர் என்ற கல்லூரிப் பேராசிரியை வந்தார். பாறைக்குள் ஆள் நீளத்துக்கு ஒரு முதுகெலும்பு தெரிந்தது. அந்தம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு. அதுல வாழ்ந்த பெரிய உயிர் இது, இங்கயே செத்துக் கிடக்கு. நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

ஊர்த்தலைவர் சடையப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. ஊரில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது, தாலி கட்டக் கூடாது. இந்தப் பிணத்தையோ அசைக்கவே கூடாது. வீடு வீடாக அடுப்பை அணைத்துவிட்டு, ஊரே பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்தது.

பாவம், வீரணன்தான் தவித்துப்போனான். பெண் தேடித் தேடி முன்மண்டை வழுக்கையானபின் பக்கத்து ஊரில் ஒருத்தி சம்மதித்திருந்தாள். வெள்ளிக்கிழமை கல்யாணம்.

முதலில் சொந்தபந்தத்துக்குத் துக்கம் சொல்ல வேண்டும் என்றார் கொம்பையா. ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவர் அவர்தான். டவுன் மீன் மார்க்கெட்டுக்குப் போய் வரிசையாக எல்லா மீனிடமும் விஷயத்தைச் சொன்னார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. கூடையில் ஒரு வஞ்சிரத்தை மட்டும் கையோடு கூட்டி வந்தார். வந்து சேர்வதற்குள் அது நாறிவிட்டது. துக்கம் தாங்காமல் அதுவும் போய்விட்டது என்று ஊர் இன்னொரு முறை அழுதது. இனி நாதியில்லை, நம் மண்ணில் செத்ததால் நாம்தான் பங்காளி என்று முடிவானது.

"பொணத்தை அசைக்கக் கூடாதுன்னுதானே அந்தம்மா சொன்னாங்க? ஊரை அசைக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார் கொம்பையா.

உடனே ரோட்டோரத்து ஊர்ப் பெயர்ப்பலகையைப் பிடுங்கி, வெகுதூரம் தள்ளி வெறும் மணலில் நட்டார்கள். இப்போது பிணம் ஊருக்கு வெளியே. வீடுகளும் ஊருக்கு வெளியே. சீர் கொண்டுவந்த பெண் வீட்டார் பலகையைப் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஊரைக் காணோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை தாலி ஏறாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று போன் வந்தது. வீரணன் பாறைமேல் விழுந்து புரண்டு அழுதான்.

நல்லவேளை, மறுநாளே எஸ்தர் வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது செத்து எத்தனையோ கோடி வருஷம் ஆச்சுய்யா. தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருச்சு. போய்ச் சோறாக்கிச் சாப்பிடுங்க" என்றார்.

அப்பாடா என்று ஊரே மூச்சு விட்டது. அடுப்புகள் புகைந்தன, வாழைமரம் கட்டினார்கள், வீரணன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

கொம்பையா மட்டும் அசையாமல் நின்றார். "இத்தனை கோடி வருஷத்துல பங்காளிக நாம ஒரு திவசங்கூடக் குடுக்கலையே?"

அடுப்புகளில் மறுபடி தண்ணீர் விழுந்தது. பாக்கித் திவசம் அத்தனையும் கொடுத்து முடித்தபிறகுதான் கல்யாணம் என்று சடையப்பன் தீர்ப்புச் சொன்னார்.

வீரணன் மாமனாருக்குப் போன் போட்டான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு திவசமாக் குடுத்தா பாதி நாள்ல முடிஞ்சிரும். பொண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

மாமனார் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"எதுக்கு மாப்ளே இழுத்துக்கிட்டு? எங்க ஊர் ஆளுகளையும் கூட்டிட்டு வர்றேன். ஒரு நாளைக்கு நாலாக் குடுத்துட்டு, வெள்ளிக்கிழமையே தாலியக் கட்டிருவோம்."