பதினேழு கட்டளைகளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

பூவிழிக்கு நடந்தது அநியாயம். அவள் செய்த இயந்திரக் கை டம்ளரைத் தூக்கிப் போகும்போது உதறித் தண்ணீரைச் சிந்தியது. துறைத் தலைவர் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார். நான்கு மணிக்குள் சரியாகாவிட்டால் கண்காட்சியில் அவளுக்கு இடமில்லை. என்ன தப்பு என்று கேட்டாள். அரை மணி நேரம் வாதாடியும் அவர் பதிவேட்டை மூடிவிட்டார்.

நேரே ஆய்வகத்துக்குப் போனாள். உதவியாளர் பௌலின் அக்கா கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர்கள் சொல்லாததை மாணவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள்.

“கவனக்குறைவாம்க்கா! கம்ப்யூட்டர் ஈதர்நெட் கேபிள் வழியா வினாடிக்கு ஆயிரம் கட்டளை அனுப்புது. கை எங்கே இருக்கணும்னு ஒவ்வொண்ணும் சொல்லுது. நடுவுல ஒண்ணு தொலைஞ்சா, கை நின்னு திரும்பக் கேட்கும். அது வந்த பிறகுதான் அடுத்தது. ஒண்ணைக்கூட நான் விட்டதில்லை!”

“அப்புறம் ஏன் உதறுது?”

“அதைத்தானே உங்ககிட்ட கேட்கிறேன்!”

அக்கா ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

“கண்ணை மூடிக்கிட்டு நான் சொல்றபடி நட.”

“இது என்ன விளையாட்டு?”

“வாதாடாம நட.”

பூவிழிக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் நடந்தாள்.

“நேரா. நேரா. இடது. நேரா.”

அடுத்த சொல் இருமலில் போயிற்று.

“என்ன சொன்னீங்க? கேட்கலை.” நின்றாள்.

அக்கா நிதானமாக இருமி முடித்தார். பிறகு மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார். “வலதுன்னேன், நேரா நேரா இடது நேரா வலது நேரா இடது...”

பூவிழி தடுமாறினாள். இடுப்பு மேசையில் இடித்தது. பாதித் தண்ணீர் சுடிதாரில்.

“என்னக்கா இது! போனதையெல்லாம் சேர்த்து என் தலையில கொட்டுறீங்க? காதுல விழாததை விட்டுத் தொலைங்களேன்! இப்போ எங்கே கால் வைக்கணுமோ, அதை மட்டும்...”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அக்கா கேபிள் சுருட்டப் போய்விட்டார்.

கையை இயக்கும் நிரலில் திரும்பக் கேட்கும் வரிகள் அத்தனையையும் பூவிழி அழித்தாள். ஒன்று வராவிட்டால், அடுத்தது வரும்வரை கை போகிற போக்கிலேயே போகட்டும்.

மணி நான்கு.

கை டம்ளரை எடுத்தது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், துறைத் தலைவர் முன்னால் வைத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.



அவர் திரையைப் பார்த்தார். “பதினேழு கட்டளை தொலைஞ்சிருக்கே?”

“ஆமா சார்.”

“திரும்பக் கேட்கலையா?”

“இல்லை சார்.”

“ஒண்ணைக்கூட விட்டதில்லைன்னு காலையில அரை மணி நேரம் சண்டை போட்டியே?”

“போட்டேன் சார்.”

அவர் பதிவேட்டைத் திறந்து ஒரு சொல்லைக் கோடு போட்டு அடித்தார். டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

“வெயில் காலம். கண்காட்சியில மோர் வைம்மா.”