காலிக் குடம் கட்டின கப்பல்

ஒரு கடல்ல ஒரு தீவு இருந்துச்சாம். வடக்கே ஒரு ராஜா, தெக்கே ஒரு ராஜா, ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை. நடுவுல இந்தத் தீவு மட்டும் யார் பக்கமும் சாயாது. ம் சொல்லுடி, அதுக்குள்ள கண்ணு சொக்குதா?

தீவைச் சுத்திப் பூரா பாறை. உள்ளே வர ஒரே வழி. அது தெரிஞ்சவ இருளாயி. ஒரு கப்பல்ல குடிக்கத் தண்ணி தீர்ந்துபோச்சுன்னா, பாய்மரத்துல காலிக் குடத்தைக் கட்டித் தொங்கவிடுவாங்க. அதைப் பார்த்ததும் இருளாயி கட்டுமரத்தைத் தள்ளிக்கிட்டு, சளக் சளக்னு துடுப்புப் போட்டு முன்னாடி போவா. கப்பல் பின்னாடியே வரும். நீ யாரு, எந்த ஊருன்னு கேக்க மாட்டா. தவிச்ச வாய்க்குத் தண்ணி, அதுதான் அந்தத் தீவோட சட்டம்.

அப்போ வடக்கு ராஜா ஆள் அனுப்பினான். "எங்க பக்கம் சேருங்க, பட்டும் பவளமும் தர்றோம்." "வேணாம் சாமி"ன்னுட்டாங்க. அப்புறம் தெக்கு ராஜா ஆள் அனுப்பினான். "சேரலைன்னா கோழைங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவோம்." "சொல்லிக்கோங்க, தாகம் எடுத்தா வாங்க"ன்னுட்டாங்க. என்ன மிடுக்கு பாரு!

மூணாவது தடவை ஆள் வரல, கப்பல் வந்துச்சு. பலபலன்னு விடியுற நேரம். வடக்கு ராஜாவோட மூணு கப்பல், மூணுலயும் காலிக் குடம் ஆடுது. கரையில இருளாயி தம்பி கருத்தான் பானை பானையா நிரப்பிக்கிட்டிருந்தான்.

"அக்கா, மூணு கப்பலுக்கும் பத்துமா?"

"இன்னும் நாலு பானை நிரப்புடா. பாவம், எத்தனை நாளாத் தவிச்சாங்களோ."

அவளே முன்னாடி போயி கூட்டிட்டு வந்தா. கரை கிட்ட வந்ததும், டமார்! டமார்! பீரங்கி. தெக்கத்திக் கப்பலுக்கு இங்கே தண்ணி கிடைக்கக் கூடாதாம், அந்த வஞ்சம் வடக்கு ராஜாவுக்கு. படகெல்லாம் தூள் தூளாப் போச்சு. பானைங்க சில்லு சில்லா. கருத்தானும் போயிட்டான். ஆமாடி, செத்தே போயிட்டான். எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்துல எனக்கு வயிறு எரியும்.

அப்புறம் அலை இறங்கிக் கடல் உள்வாங்க ஆரம்பிச்சுது. கப்பலுங்க வெளியே போகணுமே, வழி தெரியல. "ஏய் பொம்பளை, முன்னாடி போ!"ன்னு ஒருத்தன் கத்துறான். பாறை மறைவுல நின்ன இருளாயி துடுப்பை முட்டியில வச்சு மளுக்குனு ஒடிச்சா. "தாகத்துக்குத்தான் வழி காட்டுவேன், பொய்க்கு இல்ல!" அவங்களாவே கப்பலைத் திருப்பினாங்க. கர்ர்ர்... கடக்! ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணும் பாறையில ஏறி நின்னுடுச்சு.

அப்போ ஊர் கூடுச்சு. "நாம சண்டைக்கே போகாதவங்களாச்சே"ன்னார் ஊர்ப் பெரியவர்.

"நாம எங்கேய்யா போனோம், அது நம்ம வாசலுக்கு வந்துடுச்சு. குடத்தைக் காட்டி ஏமாத்தினவனைச் சும்மா விட்டா, நாளைக்கு நிஜமாவே தவிக்கிறவனை யாரு நம்புவா?"ன்னா இருளாயி.

அவ்வளவுதான். ஒடைஞ்ச படகைக் கட்டிக்கிட்டு வடக்கு ராஜா மேல சண்டைக்கு ஒரு தீவே கிளம்புச்சு. ம்? ம்னு சொல்லு.

சண்டை நடந்துக்கிட்டே இருக்கு. ஒருநாள் வடக்கத்திக் கப்பல் ஒண்ணு தனியா வருது. பாய்மரத்துல காலிக் குடம். "போகாதே, போகாதே!"ன்னு ஊரே கத்துது. ஆனாலும் இருளாயி வேற துடுப்பை எடுத்துக்கிட்டுப் போனா. கப்பல்ல ஏறி ஒவ்வொரு பீப்பாயையும் தட்டிப் பார்த்தா. டொங்... டொங்... எல்லாம் காலி. மாலுமிங்க உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு.

சளக் சளக்னு முன்னாடி போயி கரைக்குக் கூட்டிட்டு வந்தா. கருத்தான் நிரப்பினதுல ஒடையாத பானை ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதுலதான் மொண்டு குடுத்தா. குடிச்சவன் அழுதுட்டான்.

வடக்கு ராஜாவால தீவுக்காரங்களைச் சண்டைக்கு இழுக்க முடிஞ்சுது. தண்ணி குடுக்கறதை நிறுத்த முடிஞ்சுதா? முடியலையே! அப்பேர்ப்பட்ட சனம்டி அது.

சரி, குடம் நிறைஞ்சுது, கதையும் நிறைஞ்சுது, கண்ணை மூடித் தூங்கு.