மணி வார்ப்பவர் செய்த குழல்

“குழல்ல ஒரு குறையும் இல்லம்மா. கேக்கிறவதான் கேக்க மாட்டேங்கிறா.”

சொல்லிக்கொண்டே தாண்டவர் தம் தோளிலிருந்து வெண்கலக் குழலை இறக்கிவைத்தார்.

கோயில் மணி வார்ப்பதில் அந்த ஆற்றங்கரையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தலை நரைத்தபின் ஒலிபெருக்கிக் குழல் செய்யக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசி, அவருடைய கடைசித் தங்கையைவிட இளையவள்.

“அண்ணி என்ன சொன்னாங்க?”

“பூங்கோதை பேசுறா, கேளுன்னு எதிர்ல உக்கார வச்சேன். எந்தக் கோயில்ல மணி அடிக்குதுங்கிறா.”

மங்கை சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

பூங்கோதை அவருடைய ஒரே மகள். கடல் கடந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். தாய் கோமளத்துக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் மகள் எது சொன்னாலும், “சரிடா கண்ணு, சந்தோஷம்” என்பாள். “உடம்புக்கு முடியலம்மா” என்று மகள் அழுத அன்றும் அதையே சொன்னாள்.

அதன்பின் மகள் தாயைக் கூப்பிடுவதில்லை. தாண்டவர் போனைக் கையில் எடுத்தால் கோமளம் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

அதற்காகத்தான் இந்தக் குழல். போனில் வரும் குரலைப் பெருக்கித் தரும் பெட்டி ஒன்றை மங்கை கொடுத்திருந்தாள். அதன் வாயில் பொருத்தக் குழலைத் தாமே செய்வதென்று தாண்டவர் பிடிவாதமாக இருந்தார்.

“தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். பித்தளையைத் தட்டிப் பார்த்தேன். வெண்கலம் மாதிரி நாதம் எதுலயும் நிக்கலம்மா. இதைவிட உசத்தியா நான் எதைப் போட?”

மங்கை குழலை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

நாதம் எழுந்தது. பட்டறை முழுவதும் பரவி நின்றது. தாண்டவரின் முகம் மலர்ந்தது.

அவள் உதடுகள் அசைந்தன. ஏதோ மெல்லச் சொன்னாள்.

“என்னம்மா சொன்னே? விளங்கலையே.”

அவள் குழலின் விளிம்பைக் கையால் பற்றினாள். நாதம் அறுந்தது.

“உங்க மக பேர் என்னன்னு கேட்டேன்.”

தாண்டவர் குழலைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். விளிம்பிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட வேண்டும் என்று தவித்தது அவர் மனம். நாற்பது ஆண்டுகள் அடங்காத நாதத்துக்காகவே உலை ஊதியவர்.

“அப்போ எதுல செய்யட்டும்?”

அவள் ஒரு கட்டுப் பழைய காகிதத்தையும் ஒரு சட்டி புளியங்கொட்டைப் பசையையும் அவர் முன் வைத்தாள்.

இந்தக் கதையைச் சொல்வோரில் இவ்விடத்தில் மண் குழல் என்போரும் உண்டு. ஆனால் பசை நாற்றம் பொறுக்காமல் கோமளம் அவரை வாசலில் உட்காரவைத்துச் சோறு போட்ட செய்தி எல்லா வடிவங்களிலும் வருகிறது. ஆகவே காகிதம் என்பதே பொருந்தும்.

காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் பழக்கம் விடாமல் தட்டிப் பார்த்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“எப்படி இருக்கும்? தட்டினா தொப்புங்குது. பூசணிக்காயாவது ரெண்டு வார்த்தை பேசும்.”

“அப்போ நல்லா வருது.”

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

குழல் முடிந்தது. மங்கையின் பட்டறையிலேயே பெட்டியில் பொருத்திக் கேட்டார்கள். மணியோசை போய்விட்டது. ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளுக்குள்ளேயே உழன்றது.

“பார்த்தியா? காகிதம் காகிதம்தான்.”

மங்கை குழலைச் சுற்றி வந்தாள். கோயில் மணியைப் போலவே செய்திருந்தார். நேராக இறங்கிய உடல். விளிம்பில் மட்டும் சட்டென்று ஒரு விரிவு.

“அண்ணே, பூங்கோதையைக் கட்டிக் கொடுத்தீங்களே, எதுவரைக்கும் கூடப் போனீங்க?”

“இது என்னம்மா கேள்வி?”

“சொல்லுங்க.”

“தெருமுனை வரைக்கும் ஊரே வந்துச்சு. பஸ் வரைக்கும் சொந்தக்காரங்க. விமான நிலையம் வரைக்கும் நானும் கோமளமும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனபிறகும் கையாட்டிக்கிட்டே நின்னோம். அவளும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போயிட்டா.”

“வாசப்படியிலேயே கையை விட்டிருந்தா?”



“திரும்பி உள்ளே ஓடி வந்திருப்பாம்மா.”

மங்கை, குழலின் விளிம்பில் சட்டென்று விரிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“குரலோட கையை இங்கேதான் விட்டிருக்கீங்க.”

அவர் அந்தக் குழலைத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

மறுபடி செய்த குழலுக்குத் தொண்டை சிறியதாகவே இருந்தது. அங்கிருந்து சிறுகச் சிறுக அகன்றது. அகல அகல இன்னும் தாராளமாக விரிந்தது. முறத்தைவிடப் பெரிய வாயாக மலர்ந்து, குழல் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கைக்குப் பிடிபடாதபடி முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கோமளம் வழக்கம்போல் எழுந்தாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“மறுபடியும் மணியா?” என்றாள் அவள்.

“அம்மா,” என்றது குழல்.

கோமளம் அசையவில்லை.

“கேக்குதா?” என்று தாண்டவர் குனிந்தார்.

அவள் குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தபோது மங்கை கேட்டாள்:

“குழல் எப்படிண்ணே பேசுச்சு?”

“பூங்கோதைக்குச் சளி பிடிச்சிருக்கும்மா,” என்றார் தாண்டவர். “குரலை வச்சே கோமளம்தான் கண்டுபிடிச்சா.”