அழுகை எட்டிய தூரம்

பிறந்த குழந்தைகளுக்குத் தனி வார்டு கட்ட, ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கத்து வயலைக் கேட்டார்கள். பண்ணையார் வேதாசலம் மீசையை நீவினார்.

"உள்ளதிலேயே நோஞ்சான் குழந்தை அழட்டும். சத்தம் கேட்கிற தூரம் வரைக்கும் எழுதித் தர்றேன்."

"கேட்கிற ஆளை நான் நிறுத்திக்கிறேன் சாமி" என்றாள் ஆயா செம்பாயி.

ஒன்றரைக் கிலோக் குழந்தை ஜன்னலோரம் பூனைக்குட்டியாக முனகியது. பக்கத்தில் நின்ற பண்ணையாருக்கே கேட்கவில்லை. வயலின் கடைசி வரப்பில் நின்ற அதன் தாய் பவளக்கொடியோ, "ஐயோ, புள்ள அழுவுதே!" என்று பதறினாள்.

"பொய்!" என்றார் பண்ணையார்.

"உங்க வீட்டம்மாவை அனுப்பிப் பாருங்க" என்றாள் செம்பாயி.

பண்ணையார் மனைவி போய்ப் பார்த்துவிட்டுக் கூவினாள்: "பால் சுரந்து முந்தானையே நனைஞ்சிருச்சுங்க!"

செம்பாயி குரல் கொடுத்தாள்: "பவளக்கொடி, அப்படியே ஐயாவோட தென்னந்தோப்புக்குள்ள போய் நில்லு தாயி!"

"வேண்டாம், வேண்டாம்! பத்திரம் எங்கே?" என்றார் பண்ணையார்.