மல்லிகை அடித்த மணி

அருளப்பனுக்கு ஆசானாக வாய்த்தவர் அவரைவிடப் பத்து வயது இளையவர், கேப்டன் கோமளவல்லி. விமானப்படைச் சரக்கு விமானத்தை இமயமலைக்கு மேல் ஓட்டிவிட்டு வந்த மனிதர், இந்தக் கோயம்புத்தூர்ப் பெண் தலையசைத்தால்தான் பயணிகள் விமானத்துக்குக் கேப்டன் ஆக முடியும். அது ஒன்றும் அவருக்கு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு.

துணை விமானியாக இருந்தபோது ஒருநாள் எச்சரிக்கை மணியை நம்பி, பிடிவாதம் பிடித்து, விமானத்தைத் திருப்பவைத்தார். இறங்கிப் பார்த்தால் தீயும் இல்லை, புகையும் இல்லை. அன்றிலிருந்து அவர் ‘யூ-டர்ன் அருளப்பன்’. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இன்று கேப்டன் நாற்காலியில் அவருக்குக் கடைசிச் சோதனை. தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

கோயம்புத்தூரிலிருந்து கிளம்புமுன் கேட்டார். “மேடம், பொய் மணி எது, நெச மணி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?”

“சொல்றனுங்க சார். முதல்ல ஷார்ஜாவுக்குக் கிளம்பலாம்.”

கேரளக் கரையைத் தாண்டியதும் மணி அடித்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. சரக்கு அறையில் புகை.

கீழே இருப்பது என்னவென்று அருளப்பனுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்து ஏற்றிய சத்தியமங்கலத்து மல்லிகை, பெட்டி பெட்டியாக. ஈர ஆவி பட்டாலே அங்கிருக்கும் புகை காட்டும் கருவி புகை புகை என்று கத்தும். விமானிகள் எல்லோரும் அறிந்த சங்கதிதான்.

அவர் கை நகரவில்லை. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

“பூ ஈரம்தான் மேடம். நூத்துக்குத் தொண்ணூறு, பொய் மணி.”

“இருக்கலாமுங்க.”

“திருப்பினா சிரிப்பாங்க.”

“சிரிப்பாங்க.”

“நீங்க என்ன சொல்லுதீங்க?”

கோமளவல்லி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். “நாற்காலி உங்களுதுங்க சார். மீதிப் பத்தை எங்க வெச்சுக்கிட்டுப் போகப் போறீங்க? முன்னாடி கடலுதான இருக்குது.”

அருளப்பன் முன்னால் பார்த்தார். கடல்தான் இருந்தது.

“கொச்சிக்குத் திருப்புதேன்.”

சொன்னதுதான் தாமதம், மனிதர் வேறு ஆளாகிவிட்டார். சரக்கு அறைக்குள் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிட்டார். கொச்சிக்குத் தகவல் சொன்னார். பயணிகளிடம் இரண்டே வாக்கியம், நடுக்கமில்லாமல் பேசினார். பதறாமல் கொண்டுவந்து இறக்கினார்.

தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்தன. பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு சரக்கு அறையைத் திறந்தார்கள். குப்பென்று மல்லிகை வாசம்.

தீயணைப்பு வீரர் ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “கல்யாணம் ஆர்க்கா சாரே?” யாருக்குக் கல்யாணம் என்கிறார்.

அருளப்பனுக்குத் தலை தொங்கிவிட்டது. மறுபடியும் யூ-டர்ன்!

பயணிகளில் ஒருவர், ஷார்ஜாவில் கொத்தனார் வேலை பார்ப்பவர், நேராக இவர்களிடம் வந்தார். “ஏன் சார், தீயே இல்லியாமே? சாயங்காலம் நான் வேலையில சேரணும். எந்த மகராசன் திருப்புனது?”

அருளப்பன் ஓரடி பின்வாங்கினார். கோமளவல்லி அவர் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார்.

“இவருதானுங்க!” விமானத்தடியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. “இவருதான் உங்க கேப்டன்.”

முதல் பரிசு வாங்கிய பிள்ளையை ஊருக்குக் காட்டுகிற குரல் அது. கொத்தனாருக்குக் குழப்பமாகிவிட்டது. ஏதோ முனகிக்கொண்டே போய்விட்டார்.

அருளப்பன் கோமளவல்லியிடம் திரும்பினார். “தேறிட்டேனா மேடம்?”

“மேலயே தேறிட்டீங்க.”

சந்தோஷம் பொங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. “கடைசியில பொய் மணிதானே? எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லியே.”

வெயிலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருவரையும் வாய் ஓயாமல் திட்டியபடி நடந்து போய்க்கொண்டிருந்த பயணிகளைக் கோமளவல்லி காட்டினார்.

“இப்படித்தானுங்க கேப்டன். தரையில நின்னு, கதவத் தொறந்து, இத்தன பேருகிட்டயும் திட்டு வாங்கிட்டுக் கண்டுபிடிக்கோணும்.”